‘தெரியாது’ என்று சொல்லத் தெரிந்த நெறிமுறை

சாரல் காலத்தில் ஐந்தருவி ஓரமாக நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். தூரத்தில் நின்ற ஒரு மாணவனிடம், ‘மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் வா’ என்று சைகை காட்டினேன். தலையை ஆட்டினான். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை என்பது இருபது நிமிடம் தேடி அலைந்த பிறகுதான் தெரிந்தது.

“புரியலைன்னா ஏன்டா தலையை ஆட்டினே?”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் சார்.”

யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையது. ‘புரியவில்லை’ என்பதற்கு நாங்கள் ஒரு சைகையே வைத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் நிரல்களின் பிழைத்திருத்தத்தை நடத்தும்போது இந்த நிகழ்ச்சி நினைவுக்கு வரும். அந்த வேலைக்கு உதவும் ஜிடிபி என்ற திறந்த மூல மென்பொருளை 1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதத் தொடங்கினார். நம் கணினியில் ஓடும் நிரலை மட்டுமல்ல, வேறொரு கருவிக்குள் ஓடும் நிரலையும் அதைக்கொண்டு சோதிக்கலாம். ஒரு சிறிய மின்னணுப் பலகைக்குத் திரையோ விசைப்பலகையோ இருக்காது. அதனால் பலகைக்குள் ‘ஸ்டப்’ எனப்படும் சிறு உதவி நிரலை வைத்துவிட்டு, கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ நம் மேசையிலிருந்து கேள்வி கேட்கிறோம். இதுதான் தொலைநிலைப் பிழைத்திருத்தம்.

கேள்விகள் மிகச் சுருக்கமானவை. ‘எம்’ என்ற எழுத்தோடு ஒரு முகவரியும் அளவும் அனுப்பினால், நினைவகத்தின் அந்தப் பகுதியில் உள்ளதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு செய்தியின் வாலிலும் அதன் எழுத்துகளைக் கூட்டிய சரிபார்ப்பு எண் இருக்கும். அது பொருந்தாவிட்டால் ஒரு கழித்தல் குறி வரும். மீண்டும் அனுப்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இனிமேல்தான் வருகிறது. தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் ஸ்டப் வெற்றுச் செய்தியை அனுப்ப வேண்டும். கட்டளை தெரிந்தும் செய்ய முடியாமல் போனால் அதற்கு வேறு பதில்: ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு பிழை எண்ணும். ‘தெரியாது’ வேறு, ‘முயன்றேன், முடியவில்லை’ வேறு. (விடைத்தாள் திருத்தும்போது இரண்டுக்கும் நாம் ஒரே பூஜ்யத்தைத்தான் போடுகிறோம்.)

இந்த ஒரு விதியால்தான் நெறிமுறையை நீட்டிக்க முடிகிறது. புதிய கட்டளையை யாரும் சேர்க்கலாம். பழைய ஸ்டப் அதற்கு வெற்றுப் பதில் தந்தால், ஜிடிபி பழைய வழிக்குத் திரும்பிவிடும். 2006இல், உரையாடலின் தொடக்கத்திலேயே ‘உனக்கு எவையெல்லாம் தெரியும்?’ என்று கேட்கும் கட்டளையும் சேர்ந்தது. நிறுவனங்கள் தமக்கென்று உருவாக்கும் கட்டளைகளின் முன்னால் தம் பெயரையும் ஒரு புள்ளியையும் இடவேண்டும் என்றும் விதி உண்டு; பெயர் மோதக்கூடாதல்லவா?

ஆனாலும் மோதியது. ‘எம்’ கட்டளைக்கு வரும் பதிலில் ஒரு பைட்டுக்குப் பதினாறுநிலை எண்ணில் இரண்டு எழுத்து, அளவு இரட்டிப்பாகிறது. எல்எல்டிபி என்ற இன்னொரு திறந்த மூலப் பிழைத்திருத்தியும் இதே நெறிமுறையைப் பேசுகிறது. அதன் குழுவினர் தரவை மாற்றாமல் அப்படியே பெறுவதற்கு ‘எக்ஸ்’ என்ற கட்டளையைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். பின்னர் ஜிடிபியும் அதே எழுத்தை எடுத்தது. ஆனால் பதிலின் முன்னால் ‘பி’ என்ற எழுத்து வரவேண்டும் என்றது. பிடிவாதம் அல்ல, காரணம் இருந்தது. ‘எம்’ பதிலில் தரவு எப்போதும் இரட்டைப்படை எழுத்துகளில் வரும்; பிழைச் செய்திக்கு மூன்று எழுத்து என்பதால் குழப்பமில்லை. தரவு அப்படியே வரும்போது, அதுவே ‘ஈ’, பூஜ்யம், ஒன்று என்று அமைந்துவிட்டால் அது தரவா, பிழையா? முன்னெழுத்து அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. எல்எல்டிபியோ தன் பழைய ஸ்டப்களைக் கைவிட முடியாது. தொடக்கக் கேள்விக்கு ‘புதிய முறை தெரியும்’ என்று பதில் வந்தால் ‘பி’யை எதிர்பார்ப்பது, வராவிட்டால் பழையபடியே படிப்பது என்று ஏற்பாடாயிற்று.

இப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தமிழாசிரியர்களுக்குத் தெரியும். 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த வினாத்தாள் இன்னொன்றில் கிறுக்கலாகத் திறக்கும். டிஸ்கி, டேம், டேப் என்று பொதுக் குறியீடுகள் வந்து, யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

வகுப்பில் இதைச் சீட்டு விளையாட்டாக நடத்துகிறேன். வராந்தாவின் இரு முனைகளில் இருவர். நடுவே சீட்டு கொண்டுபோக ஒருவர். கேட்பவரிடம் எட்டுக் கட்டளைகள், பதில் தருபவரிடம் ஐந்து மட்டும். தெரியாத கட்டளைக்கு வெற்றுச் சீட்டு. முதல் இரண்டு சுற்றிலும் ஒரு வெற்றுச் சீட்டுகூட வரவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஓர் எண்ணை எழுதி அனுப்பினார்கள். மூன்றாம் சுற்றில் ஒரு மாணவி எதுவும் எழுதாமல் மடித்துக் கொடுத்தாள். அதைப் பிரித்துப் பார்த்த பையன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழைய கட்டளையை எழுதி அனுப்பினான். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. விடை சரியாக வந்தது.