குடியிருக்கும் இடத்தை யார் நிச்சயிக்கிறார்கள்?

வீடு கட்ட மனை பார்க்கப் புறப்படும் குடும்பஸ்தர், தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், வாசல் எந்தத் திசை, அக்கம்பக்கம் எப்படி என்றெல்லாம் தீர விசாரித்து, இது என் சுய விருப்பப்படி நான் தேர்ந்தெடுத்த இடம் என்ற திருப்தியோடு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். அவர் அந்த மனையில் கால் வைப்பதற்கு வெகு காலத்திற்கு முன்பே, அங்கே ஒரு சாலை போகவேண்டும், மின்கம்பி வரவேண்டும், பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டை எழவேண்டும் என்று ஏதோ ஒரு காரியாலயத்தில் யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஜனங்கள் எங்கே வசிப்பது என்ற விஷயத்தில் ராஜாங்கத்தின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் தேடவேண்டியதில்லை.

கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த பிரதேசம். பருத்தி விளையும் மண். 1888-இலேயே அங்கே நூற்பாலை ஏற்பட்டுவிட்டதென்றாலும், நகரம் நகரமாக வளர்ந்தது, நீலகிரியில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் வேகத்தை மின்சாரமாக்கி 1932 முதல் சமவெளிக்கு இறக்கிக் கொண்டுவந்த பிறகுதான். சென்னை அரசாங்கத்தின் நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் அந்தத் திட்டத்திற்காக மிகவும் பாடுபட்டார். மலிவான மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கங்களில் மில்கள் வரிசையாக எழுந்தன. மில் சங்கு ஊதும் சத்தம் கேட்கும் தூரத்திலேயே தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன.

சுதந்திரத்திற்குப் பிறகு இந்தக் காரியத்தை அரசாங்கம் இன்னும் நேரடியாகவே செய்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை, பிறகு ஆவடி, திருவெறும்பூர் என்று ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு ஜனசமூகத்தை உண்டாக்கிக்கொண்டது. பழுப்பு நிலக்கரிக்காக எழுந்த நெய்வேலியிலோ நகரம் முழுவதுமே நிறுவனத்தின் சிருஷ்டி. அங்கே விலாசம் என்றால் வட்டத்தின் எண். நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பூர்விகக் கிராமத்தை விட்டு வெளியேறியவர்களும், வேலை கிடைத்து எங்கிருந்தோ வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்களும் ஒரே நிர்வாகத் தீர்மானத்தால் இடம் மாறியவர்களே. ஓய்வு பெறும்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாகையால், பின்னவர்களுக்கும் அது நிரந்தரமான ஊராக அமைவதில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேருக்குமேல் நகரவாசிகள். இந்தியா முழுமைக்கும் அது 31 தான். இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் கிராமங்கள் காலியாகிவிட்டன என்று எண்ணக்கூடும். ஆனால் எண்ணிக்கை காட்டாத ஒரு சங்கதி இருக்கிறது: நகரத்தில் சம்பாதித்து, கிராமத்தில் உறங்குகிறவர்களின் பெருங்கூட்டம். அதைச் சாத்தியமாக்கியது பஸ். 1972-இல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றிய பின், லாபம் தராத தடங்களிலும் பஸ் ஓடவேண்டும் என்பது அரசியல் கடமையாயிற்று. எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் வேண்டும் என்பது தேர்தல் காலத்து வாக்குறுதியாகவும், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுவாகவும் இடைவிடாது ஒலித்த கோரிக்கை.

அதன் பலனைத் திருப்பூரைச் சுற்றியுள்ள பல்லடம், அவிநாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்றால் பிரத்தியட்சமாகக் காணலாம். சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் புறப்படும் பெண்கள், செக்கிங்குக்குப் போகிறவர் ஒருவர், ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவர் ஒருவர் என்று கூடி நிற்கிறார்கள். சிலருக்குக் கம்பெனி வேன், மற்றவர்களுக்கு டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, சம்பளத்தில் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தொகையும் வீட்டுக்கே மிஞ்சுகிறது. வாடகை இல்லை, ஆடும் மாடும் காட்டோரத்தில் இருக்கின்றன, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கிறார். வீடு கட்டிக் கொடுப்பதைக் காட்டிலும், இருக்கிற வீட்டிலேயே இருக்கச் செய்வது பெரிய உபகாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பாக்கியம் இல்லாதவர்களும் அதே திருப்பூரில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில், ஓர் அறையில் பலராகப் படுத்து, பொதுக் குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்து ஜீவனம் நடத்துகிறார்கள். அவர்களுடைய ஓட்டு சொந்த ஊரில் இருப்பதால் இங்கே அவர்களுக்காக மனு எழுதுவாரில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலோ, வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும்படியான விடுதிகளை 2024-இல் அரசாங்கமே கட்டித் திறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் முதலீட்டை இழுக்கவேண்டுமானால் படுக்க இடமும் சேர்த்துத் தரவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

சென்னையில் ஏழைகளின் குடியிருப்பு விஷயம் மனத்தை வருத்துகிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டுவது பிரதான நோக்கமாயிருந்தது. நகரத்தின் நிலம் பொன்னாக ஆன பின், அந்த நோக்கம் தளர்ந்து, கூவம் கரையிலிருந்தவர்கள் தெற்கே வெகுதூரத்திற்கு அனுப்பப்பட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில், தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதும், சற்றுத் தள்ளிக் கண்ணகி நகரில் குடியேற்றம் ஆரம்பித்ததும் ஒரே 2000-ஆம் ஆண்டில். படித்தவர்களை வாவென்று அழைத்த அதே சாலைக்கு ஏழைகளைப் போவென்று அனுப்பினார்கள். சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கம் என்று அது தொடர்ந்தது. சிமெண்ட் கூரை கிடைத்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தைத் தாங்கியவளுக்கு அந்த நான்கு வீடுகளும் இப்போது ஒன்றரை மணி நேரப் பிரயாணத்திற்கு அப்பால். மீன் விற்றவளுக்குத் துறைமுகம் எட்டாத தூரம். பள்ளிக்கூடம் நடு வருஷத்தில் மாறிய பையன்களில் எத்தனையோ பேர் படிப்பையே விட்டார்கள்.

வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது. பெயர் மாறினால் மட்டும் போதாது. இனிமேல் கொடுக்கப்படும் ஒவ்வொரு ஒதுக்கீட்டு ஆணையிலும், பிளாக், மாடி, கதவு எண் இவற்றோடு, அந்த வீட்டிலிருந்து அங்கே குடியேறுகிறவள் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸின் தடம் எண்ணும், முதல் பஸ் புறப்படும் நேரமும், பிள்ளைகளுக்கு இடம் வைத்திருக்கும் பள்ளியின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவற்றை எழுத முடியாத இடத்திற்குச் சாமான் ஏற்றும் லாரியை அனுப்பக்கூடாது.