"பத்துக்கு எவ்வளவு வலி?" - சிஸ்டர் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்ட். கம்பிக் கட்டுகளை நகர்த்தும்போது ஒரு தொழிலாளியின் முன்கை நடுவில் மாட்டி நசுங்கிவிடுகிறது. பக்கத்திலிருக்கும் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டு, ஊசி போட்டு, "காலை வரைக்கும் இருங்க" என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்து, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். பீகாரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன அந்த இளைஞர் தலையை ஆட்டி, "டீக் ஹை" என்கிறார். பரவாயில்லையாம்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் எந்த வாரமும் நடக்கக்கூடிய காட்சி. இரும்பு உருக்கு, ரோலிங் மில், வார்ப்பாலை என்று சூடும் பாரமும் நிறைந்த வேலைகள். வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தெலுங்கும் உண்டு. அடிபட்டவர் 'பரவாயில்லை' என்று சொல்வதற்கு நூறு காரணம் இருக்கும். நாளைய சம்பளம் போய்விடும், கான்ட்ராக்டர் திட்டுவார், பாஷை தெரியாது, ஆம்பளை அழக் கூடாது... ஆனால், அந்த ஒற்றை 'பரவாயில்லை'யை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவது நல்ல நர்ஸுக்கு அழகில்லை.

ஒரு நம்பர் எதற்கு?

ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாகியிருக்கும். "வலியே இல்லைன்னா பூஜ்யம், இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து. இப்ப எவ்வளவு சொல்வீங்க?" பலருக்கு எரிச்சல்தான் வரும். "வலிக்குதுன்னு சொல்றேன், மார்க் கேக்குறாங்களே!"

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு அப்படி எதுவும் இல்லை. அதை அறிந்தவர் அனுபவிப்பவர் மட்டும்தான். அமெரிக்க நர்ஸ் மார்கோ மெக்காஃபரி 1968-ல் இதைத்தான் வலியின் இலக்கணமாகவே வைத்தார்: நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, அவர் இருக்கிறது என்னும்போதெல்லாம் அது இருக்கிறது. இன்று உலகம் முழுக்க நர்ஸிங் மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடம் இது. சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், 'சும்மா நடிக்கிறாங்க', 'இதுக்கே இவ்வளவு சத்தமா' போன்ற பேச்சுகள் பிரசவ வார்டில் இன்றும் காதில் விழுகின்றனவே!

பொதுவாக 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-க்கு மேல் கடுமை என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், உங்கள் 6-ஐயும் பக்கத்து பெட்காரரின் 6-ஐயும் ஒப்பிடுவதற்காக இந்த நம்பரைக் கேட்பதில்லை. உங்களுடைய இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நம்பரோடு ஒப்பிடுவதற்குத்தான். 7 என்றவர் ஊசிக்குப் பிறகு 3 என்றால் மருந்து வேலை செய்கிறது. 5 என்றவர் ஊசி போட்ட பிறகும் 8 என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரே ஒரு நம்பர் எதையும் சொல்லாது. அது போகும் திசைதான் பேசும்.

எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காக 1983-ல் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் ஆறு முகங்களை வரைந்தார்கள். சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்துக் கண்ணீர் வடியும் முகத்தில் முடியும். பாஷை தெரியாத பெரியவர்களுக்கும் அந்த அட்டை கைகொடுக்கிறது. ஒரு தவறு மட்டும் அடிக்கடி நடக்கிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்து நர்ஸே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. நோயாளிதான் தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளே 8 வலியோடு சிரித்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம்.

குத்துதா, எரியுதா, குடையுதா?

நம்பருக்கு அடுத்து நர்ஸ் கேட்பது, "எங்க? எப்ப ஆரம்பிச்சது? எங்கயாவது பரவுதா? எது செஞ்சா அதிகமாகுது? எப்படி வலிக்குது?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதில் தமிழுக்கு இணையில்லை. குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, பிசையுது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னுது, பாரமா அழுத்துது... ஒவ்வொன்றும் ஒரு துப்பு.

'விண்ணு விண்ணு' என்று தெறித்தால் வீக்கமோ சீழோ இருக்கலாம். அடிவயிற்றைப் பிசைந்து பிசைந்து விட்டால் குடலோ சிறுநீர்க்குழாயோ சுருங்குகிறது. 'தீயா எரியுது, கரன்ட் அடிச்ச மாதிரி இருக்கு' என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த வலிக்கு வழக்கமான வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது, வேறு வகை மருந்து தேவைப்படும். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் சிஸ்டர் நம்பரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஈ.சி.ஜி-க்கு ஓடுவார்.

இந்த வசதி அந்த பீகார் இளைஞருக்கு இல்லை. இந்தியில் 'தர்த்' என்றால் வலி, 'ஜலன்' என்றால் எரிச்சல். தெலுங்கில் 'நொப்பி', 'மண்ட்ட'. ஒடியாவில் 'பிந்துச்சி' என்றால் வலிக்கிறது, 'போடுச்சி' என்றால் எரிகிறது. தமிழ்க் காதுக்கு அது எதையோ 'போட்ட' மாதிரிதான் கேட்கும்! இந்தப் பத்துப் பதினைந்து வார்த்தைகளைத் தமிழில் எழுதி நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டிவைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. அதற்குப் பெரிய பட்ஜெட்டும் வேண்டாம்.

பேசவே முடியாதவர்கள் இருக்கிறார்களே? கைக்குழந்தைக்கு முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை 1997-லிருந்து இருக்கிறது. ஐ.சி.யூ-வில் வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் புருவச் சுளிப்பையும், தசை இறுக்கத்தையும், மெஷினோடு அவர் மல்லுக்கட்டுவதையும் பார்த்துக் கணிக்கிறார்கள்.

நிஜமான ஆபத்து

நம் இளைஞரிடம் திரும்புவோம். ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் மறுபடி வருகிறார். இந்த முறை வாயால் கேட்காமல் முகங்கள் இருக்கும் அட்டையை நீட்டுகிறார். இளைஞர் கடைசிக்கு முந்தைய முகத்தைத் தொடுகிறார். ஊசி போட்டும் வலி ஏறியிருக்கிறது. எலும்பு முறியாத கைக்கு ஏன் இவ்வளவு வலி? சிஸ்டர் அவருடைய விரல்களை மெதுவாகப் பிடித்துப் பின்பக்கமாக நீட்டிப் பார்க்கிறார். அலறிவிடுகிறார் மனிதர்.

மருத்துவத்தில் இதை 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்பார்கள். நம் கை, கால் தசைகள் உறை போட்ட அறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை விரிந்துகொடுக்காது. நசுங்கிய தசை வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி, சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடும். சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் இப்படியே விட்டால் தசை நிரந்தரமாகச் செத்துப்போகலாம். கை விளங்காமல் போகும், சிலருக்குக் கையையே எடுக்க வேண்டியிருக்கும். உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்கும் அவசர ஆபரேஷன்தான் தீர்வு.

இதன் முதல் அறிகுறி எக்ஸ்ரேயில் தெரியாது. நாடியும் கடைசி வரை துடித்துக்கொண்டிருக்கலாம். மரத்துப்போவது, வெளுத்துப்போவது எல்லாம் தாமதமாக வருபவை. முதலில் வருவது காயத்துக்குப் பொருந்தாத வலி மட்டும்தான். அதைப் பிடிப்பதற்கு இருப்பவர் இரவெல்லாம் பக்கத்தில் இருக்கும் நர்ஸ். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, இறுக்கமான கட்டைத் தளர்த்துவார். கையை நெஞ்சு மட்டத்தில் வைப்பார். வீக்கத்துக்கு வழக்கமாகச் செய்வதுபோல உயரத் தூக்கி வைத்தால் உள்ளே போகும் ரத்தம் இன்னும் குறைந்துவிடும். 'டீக் ஹை'யை நம்பியிருந்தால் விடியும்போது நேரம் கடந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. உருகிய இரும்பு தெறித்த இடத்தில் வலியே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். தோலின் முழு ஆழமும் வெந்து நரம்பு முனைகளும் கருகியிருக்கலாம். சுற்றியுள்ள லேசான காயம்தான் கத்தவைக்கும். (தீப்புண்ணுக்கு முதலுதவி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.)

ஊசி மட்டும் இல்லை

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்காகப் படிப்படியான மருந்து முறையை வகுத்தது. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை, கடைசிப் படியில் மார்ஃபின். எந்த மருந்து என்று முடிவு செய்பவர் டாக்டர். அதை எப்போது கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன ஆனது என்று பார்ப்பது நர்ஸ். கேஸ் ஷீட்டில் 'எஸ்.ஓ.எஸ்' என்று எழுதியிருந்தால் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று அர்த்தம். நம்மவர்கள் தாங்கவே முடியாதபோதுதான் கேட்பார்கள். உச்சிக்குப் போன வலியை இறக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் ஓரிரு நாள்கள் வேளாவேளைக்குக் கொடுப்பது அதனால்தான். தீப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கு முன்பே, மருந்து வேலை செய்யும் நேரத்தைக் கணக்குப் பண்ணி மாத்திரை கொடுத்துவிடுவதும் நல்ல நர்ஸின் பழக்கம்.

மார்ஃபின் என்றாலே 'அடிமையாயிடுவாங்க' என்று பயப்படுகிறோம். கடும் வலிக்கு, கண்காணிப்போடு, குறைந்த நாள்கள் கொடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு. நர்ஸ் கவனிப்பது வேறொன்றை. நோயாளி கூப்பிட்டால் விழிக்கிறாரா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் ஏறும். ஊசிக்குப் பிறகு தட்டி எழுப்பிப் பெயர் கேட்பது தொந்தரவுக்காக இல்லை.

மருந்தில்லாத வேலைகளும் பல. உடைந்த எலும்பை அசையாமல் கட்டினாலே வலி பாதியாகும். வயிற்றில் தையல் போட்டவர் இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி போடும்போது குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம். "இப்ப என்ன செய்யப் போறேன்னா..." என்று முன்னாலேயே சொல்வதுகூட ஒரு வைத்தியம். பயம் வலியைப் பெருக்கும்.

கை நசுங்கியவர்கள் பலர் கும்மிடிப்பூண்டியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் சென்னை ஸ்டான்லிக்குத்தான் போகிறார்கள். டாக்டர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. விரலையோ கையையோ இழந்த சிலர், "இல்லாத விரல் வலிக்குது" என்பார்கள். மனப்பிரமை இல்லை, மூளையின் வரைபடத்தில் அந்த விரல் இன்னும் இருக்கிறது. இதற்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை 1990-களில் அமெரிக்காவில் உருவாக்கிய நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், எம்.பி.பி.எஸ் படித்தது இதே ஸ்டான்லியில்தான். நல்ல கையின் பிம்பம் கண்ணாடியில் விரல் நீட்டும்போது, இல்லாத கை நிம்மதியடைவதாக மூளை ஏமாறுகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு நன்றாகவே பலிக்கிறது.

வீட்டிலேயே படுத்திருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீடு தேடி வருகிறார். புற்றுநோயாளி வீட்டில் இருந்தால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நீங்கள் நோயாளியாகவோ உடன் இருப்பவராகவோ இருந்தால், ஏற்கெனவே மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையை மறைக்காமல் சொல்லுங்கள். உலைக்குப் பக்கத்தில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் கிட்னி அடிவாங்கும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்ட நேரத்தையும், ஒரு மணி நேரம் கழித்து இருந்த நம்பரையும் செல்போனில் குறித்துவையுங்கள். மாவுக்கட்டு போட்ட கை, காலில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினால் உயிர் போனாலோ நடு ராத்திரியாக இருந்தாலும் பெல்லை அடியுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் 108-க்கு அடியுங்கள்.