உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கும் தாத்தா

எழுபது வயதில் தாத்தா திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தால் வீட்டில் பெருமை தாங்காது. முருங்கைக்கீரைக்குப் பாராட்டு போய்ச் சேரும். பெரும்பாலும் அது கண்புரையின் வேலை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுப்பேறும்போது ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது, கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. பொடி எழுத்து தெரியும், எதிரே வரும் பஸ்ஸின் போர்டு தெரியாது. புரை முற்றினால் இந்தச் சலுகையும் போய்விடும்.

புரையையாவது அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். கண் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். சொட்டு மருந்து மிச்சத்தைத்தான் காக்கும். இந்த நோயில் பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் குறையும், அதையும் மறு கண் ஈடுகட்டிவிடும். கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருப்பது இயல்பு. ஆனால் அந்த அளவுக்குள் இருந்தும் பார்வை நரம்பு பாழாகிறவர்கள் உண்டு. அதனால் கண்மணியை விரித்து நரம்பையும் விழித்திரையையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பார்ப்பது பவர் மட்டுமே.

65 வயதைத் தாண்டியவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, சர்க்கரை உள்ளவர்கள் வருடம் தவறாமல் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும். ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஆளோடு போங்கள்.