பார்வை குறைந்த பிள்ளைக்கும் வீடியோ கேம் உண்டு!

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் கூடிப் பேசுவது இப்போதெல்லாம் வீடியோ கேம் பற்றித்தான். "அந்த மலைக்குப் போனியா?", "பாலத்தைத் தாண்டிட்டியா?" என்று அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பார்வை குறைந்த பிள்ளை ஒன்று இருந்தால்..? "உனக்கெதுக்குப்பா இதெல்லாம், நீ பாட்டு கேளு" என்று நாமே ஒதுக்கி உட்கார வைத்துவிடுகிறோம். பாசத்தால் செய்வதுதான். ஆனால், அந்தப் பிள்ளை இழப்பது விளையாட்டை மட்டுமல்ல, சோட்டுப் பிள்ளைகளின் பேச்சையும் சேர்த்துத்தான்!

'கண் தெரியாமல் வீடியோ கேமா? அதெப்படி?' என்று கேட்கிறீர்களா? பார்வையற்றோர் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். பந்துக்குள் சின்னச் சின்ன பேரிங் குண்டுகள். உருண்டு வரும்போது கலகலவென்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே மட்டையை வீசுகிறார்கள். 1998-ல் டெல்லியில் இந்தக் கிரிக்கெட்டுக்கு உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. கேம் தயாரிப்பவர்கள் இப்போது செய்வதும் இதே வேலைதான். கண்ணுக்குத் தெரிவதைக் காதுக்குக் கேட்கும்படி மாற்றுகிறார்கள்.

ஊரே மைதானம்!

கேம்களில் பல வகை. சண்டை கேம் என்றால் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். இடமா, வலமா என்று தெரிந்தால் போதும். 'ஓப்பன் வேர்ல்டு' கேம் அப்படியில்லை. ஒரு பெரிய ஊரையோ காட்டையோ உள்ளே வைத்திருப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஏறலாம், வண்டி ஓட்டலாம். இந்தச் சுதந்திரம்தான் அதன் ருசி. பார்வை குறைந்தவருக்குத் தலைவலியும் அதுதான்!

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டால் என்னவெல்லாம் தெரியாமல் தவிப்பார்? நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் போக வேண்டும், பக்கத்தில் என்ன இருக்கிறது, முன்னால் பள்ளமா மேடா, போர்டில் என்ன எழுதியிருக்கிறது... இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் அவர் நடந்துவிடுவார். கேமிலும் அப்படித்தான்.

காதே கண்ணாக...

2020-ல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' என்ற கேம் ஒரு திருப்புமுனை. இது முழுக்க ஓப்பன் வேர்ல்டு அல்ல. இருந்தாலும், இடிந்து கிடக்கும் பெரிய நகரத்தில் வழி தேடி அலைய வேண்டிய கேம். உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகளை அதில் வைத்தார்கள். அவற்றில் சில:

★ ஒரு பட்டனை அழுத்தினால், போக வேண்டிய திசைக்கு ஆட்டக்காரரைத் தானாகத் திருப்பிவிடும். தோளைப் பிடித்து 'இப்படி வாப்பா' என்பது போல!

★ இன்னொரு பட்டனை அழுத்தினால், சுற்றிலும் உள்ள பொருட்களும் எதிரிகளும் இருக்கும் திக்கிலிருந்து ஒலி வரும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெளிவாகத் தெரியும்.

★ பள்ளத்தின் விளிம்புக்கு வந்தால் எச்சரிக்கை ஒலி கேட்கும். கையிலுள்ள கன்ட்ரோலர் அதிரும். காலும் நின்றுவிடும், விழ விடாது.

★ தாண்ட வேண்டிய இடத்துக்கு ஒரு சத்தம், குனிய வேண்டிய இடத்துக்கு வேறு சத்தம்.

★ திரையில் உள்ள எழுத்துக்களைக் குரல் படித்துச் சொல்லும்.

இந்த கேமுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த பிராண்டன் கோல். அவரே பார்வையற்றவர். 2023-ல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' என்ற கார் பந்தய கேமுக்கும் அவர் உதவினார். அதில் வளைவு எந்தப் பக்கம் வருகிறது, எப்போது பிரேக் போட வேண்டும், பாதையின் ஓரத்துக்கு எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்பதெல்லாம் ஒலியாகக் கேட்கும். கோல் 2024-ல் காலமாகிவிட்டார். அவர் விட்டுச் சென்ற வசதிகள் இன்னும் பலருக்கு வழி காட்டுகின்றன.

கதைக் காட்சிகளுக்கு என்ன செய்வது? ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வசனங்களுக்கு நடுவே ஒரு குரல், 'அவன் ஜன்னலைத் திறந்து வெளியே குதிக்கிறான்' என்று சொல்லிக்கொண்டே வரும். இதை 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்கிறார்கள். நியூயார்க் நகரம் முழுக்கத் தாவித் திரியும் ஓப்பன் வேர்ல்டு கேமான 'ஸ்பைடர்மேன் 2'-ல் இந்த வசதியை 2024-ல் சேர்த்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்த 'மைன்கிராஃப்ட்'டில் மெனுக்களைப் படித்துச் சொல்லும் குரல் உண்டு. எதிரே இருப்பது கல்லா மரமா என்று சொல்ல அது மட்டும் போதாது. அந்தக் குறையைத் தீர்க்க, பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கென்றே ரசிகர்கள் தனி புரோகிராம் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். சிறிதும் பார்வை இல்லாதவர் ஒருவர் துணையின்றி ஆரம்பம் முதல் கடைசி வரை ஆடக்கூடிய ஓப்பன் வேர்ல்டு கேம்கள் இன்னும் குறைவுதான். ஆனால், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குக் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

எந்தப் பார்வைக்கு எது?

'கண் சரியாகத் தெரியவில்லை' என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. கேமில் உள்ள வசதிகளைப் பிள்ளையின் கண்ணுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

★ நடுப்பார்வை குறைந்தவர்களுக்கு (விழித்திரையின் மையம் பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும்) எழுத்தைப் பெரிதாக்கினால் உதவும்.

★ ஓரப்பார்வை குறைந்து, குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிபவர்களுக்கு (கிளாகோமா, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோஸா போன்றவை) எல்லாவற்றையும் பெரிதாக்கினால் தொல்லைதான். குழாய்க்குள் அடங்குவது குறைந்துவிடுமே! கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அதிகம் தெரியும்.

★ வெளிச்சத்தில் கண் கூசுபவர்களுக்குத் திரையின் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும்.

★ மங்கலாகத் தெரிபவர்களுக்கு 'ஹை கான்ட்ராஸ்ட்' வசதி வரப்பிரசாதம். பின்னணி எல்லாம் சாம்பல் நிறமாகி, நண்பர்கள் நீலமாகவும் எதிரிகள் சிவப்பாகவும் தனித்துத் தெரிவார்கள்.

'இருக்கிற பார்வையும் போய்டுமே!'

பல பெற்றோரின் பயம் இது. பார்வை என்பது பயன்படுத்தினால் தீர்ந்துபோக, குடத்துத் தண்ணீர் அல்ல. குறைபார்வை உள்ள பிள்ளை திரையின் அருகே போய்ப் பார்ப்பதால் கண் கெடாது. உருவம் பெரிதாகத் தெரிய அது கண்டுபிடித்த வழி அது, அவ்வளவுதான். கண் களைத்துப் போகும், எரியும். அதற்கு அவ்வப்போது ஓய்வு கொடுத்தால் போதும்.

ஆனால், இதுவரை கண் சோதனையே செய்யாத பிள்ளை டி.வி.யின் அருகில் போய் ஒட்டிக்கொண்டால், அதட்டி இழுக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடி போட்டாலே தீரக்கூடிய குறையாகக்கூட இருக்கலாம். கண்ணாடியாலும் ஆபரேஷனாலும் தீராத குறை என்றால், பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் குறைபார்வைக்கென்று தனிப் பிரிவு உண்டு. எந்த எழுத்து அளவு, எவ்வளவு தூரம், எந்த வெளிச்சம் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். புத்தகத்துக்குச் சொல்லும் அந்த யோசனை கேமுக்கும் பொருந்தும்.

காதைக் காப்பாற்றுங்கள்!

கண்ணுக்குப் பதில் காதை நம்பி ஆடுபவருக்குக் காதும் போனால்..? அதனால், கண்ணைவிட இங்கே அதிகக் கவலைப்பட வேண்டியது ஹெட்போனைப் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம், வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல். சத்தம் கூடக்கூட நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஹெட்போன் போட்டிருக்கும்போது பக்கத்தில் நீங்கள் சாதாரணமாகப் பேசுவது பிள்ளைக்குக் கேட்கவில்லையென்றால், சத்தம் அதிகம் என்று அர்த்தம். காதில் 'ஙொய்' என்று இரைச்சல் இருப்பதாகச் சொன்னால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளையா? பளிச் பளிச்சென்று மின்னும் காட்சிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். டாக்டரைக் கேட்காமல் ஆட விடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

★ வாங்குமுன் வயது முத்திரையைப் பாருங்கள். மேலே சொன்ன 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பெரியவர்களுக்கானது. ரத்தமும் சண்டையும் அதிகம். வசதி இருக்கிறதே என்று சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

★ கேமைத் திறந்ததும் 'ஆக்சஸிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போங்கள். முதல் தடவை நீங்களோ, மூத்த பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு எது சௌகரியம் என்று அதையே கேளுங்கள்.

★ எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5 இரண்டிலும், இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்த்து ஒரே ஆளை ஆட்டும் வசதி உண்டு. அக்கா வழி காட்ட, தம்பி தாவலாம்!

★ நேரக் கட்டுப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். 'பாவம், குறையுள்ள பிள்ளை' என்று இரவு வெகுநேரம் ஆட விடுவது அன்பு ஆகாது. தூக்கமும் ஓட்டமும் அதற்கும் வேண்டும்.

பார்வைக் குறையுடன் வாழ்பவர்கள் உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒன்று என்றால், 'உன்னால முடியாது' என்று நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகள் கேமுக்கு உட்காரும்போது, அந்தப் பிள்ளையின் கையிலும் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை பள்ளியில் அதற்கும் சொல்ல ஒரு கதை இருக்கட்டும்!