சப்பாத்திக்கு ஏற்ற மாவு எது? தேர்ந்தெடுக்கும் முறையும் உண்ணும் அளவும்

முகப்பேர், அம்பத்தூர், ஆவடி சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவாகச் சப்பாத்தி இடம்பெறுகிறது. வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு நோய் கண்டறியப்பட்ட பிறகே இம்மாற்றம் நிகழ்வதைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவுடன் வரும்போது, “சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திதான் சாப்பிடுகிறேன், சர்க்கரை மட்டும் குறையவில்லை” என்று அவர்கள் வருத்தத்துடன் கூறுவதும் வழக்கமாக உள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் என்பது இதன் பொருள். எனவே, சப்பாத்தி மாவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், அதனால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதை அறிந்திருப்பதும் அவசியமாகும்.

மாவில் கவனிக்க வேண்டியது என்ன?

கோதுமை மணியில் வெளிப்புறத் தவிடு, உள்ளிருக்கும் முளை, நடுவிலுள்ள மாவுப்பகுதி என மூன்று பாகங்கள் உள்ளன. நார்ச்சத்தும், இரும்புச்சத்தும், பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் நீக்கி, நடுப்பகுதியை மட்டும் அரைத்துப் பெறுவதே மைதா.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட சத்து அட்டவணையின்படி, 100 கிராமில் உள்ள சத்துகள் ஏறக்குறைய வருமாறு:

- முழுக்கோதுமை மாவு: நார்ச்சத்து 11.4 கிராம், புரதம் 10.6 கிராம், இரும்புச்சத்து 4.1 மில்லிகிராம்
- மைதா: நார்ச்சத்து 2.8 கிராம், புரதம் 10.4 கிராம், இரும்புச்சத்து 1.8 மில்லிகிராம்
- கேழ்வரகு: நார்ச்சத்து 11.2 கிராம், புரதம் 7.2 கிராம், சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம்
- கம்பு: நார்ச்சத்து 11.5 கிராம், புரதம் 11 கிராம், இரும்புச்சத்து 6.4 மில்லிகிராம்
- சோளம்: நார்ச்சத்து 10.2 கிராம், புரதம் 10 கிராம், இரும்புச்சத்து 4 மில்லிகிராம்
- முழுக் கொண்டைக்கடலை: நார்ச்சத்து 25.2 கிராம், புரதம் 18.8 கிராம்

இவ்வட்டவணையிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவதாக, முழுக்கோதுமைக்கும் மைதாவுக்கும் இடையேதான் பெரிய வேறுபாடு உள்ளது. முழுக்கோதுமைக்கும் சிறுதானியங்களுக்கும் இடையே நார்ச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவதாக, நார்ச்சத்தையும் புரதத்தையும் ஒருசேர உயர்த்துவது கொண்டைக்கடலை போன்ற பயறு வகையே ஆகும்.

கேழ்வரகில் கோதுமையைவிடப் பன்னிரண்டு மடங்கு சுண்ணாம்புச்சத்து உள்ளது. வளரும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இது மிகவும் உகந்தது. ஆயினும், நைசாக அரைத்த கேழ்வரகு மாவு எளிதில் செரிமானமாகி இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடும். ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் கேழ்வரகு ரொட்டியை விரும்பிய அளவு உண்ணலாம் எனக் கருதுவது சரியன்று.

சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி: கணக்கு என்ன சொல்கிறது?

30 கிராம் கோதுமை மாவில் செய்யப்படும் நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் சுமார் 19 கிராம் மாவுச்சத்து உள்ளது. நான்கு சப்பாத்திகளில் சுமார் 77 கிராம். 100 கிராம் பச்சரிசியில் இருப்பது 78 கிராம். அதாவது, நான்கு சப்பாத்தி உண்பவர் 100 கிராம் அரிசியைச் சமைத்து உண்டதற்கு இணையான மாவுச்சத்தைப் பெறுகிறார். சப்பாத்தியில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. எனினும், அளவு குறையாவிட்டால் அந்த நன்மையின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

உங்கள் வீட்டுச் சப்பாத்தியின் எடையை அறிய எளிய வழி உண்டு. ஒரு கிலோ மாவில் எத்தனை சப்பாத்திகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 33 கிடைத்தால் ஒன்றுக்கு 30 கிராம் மாவு. 20 மட்டுமே கிடைத்தால் ஒன்றுக்கு 50 கிராம். அத்தகைய மூன்று சப்பாத்திகள், நடுத்தர அளவில் ஐந்து சப்பாத்திகளுக்குச் சமம்.

எண்ணெயையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி உள்ளது. ஒவ்வொரு சப்பாத்திக்கும் ஒரு தேக்கரண்டி ஊற்றிச் சுட்டால், மூன்று சப்பாத்திகளுக்கு 135 கலோரி கூடுகிறது. இது ஏறக்குறைய ஒன்றரைச் சப்பாத்தியைக் கூடுதலாக உண்பதற்குச் சமம்.

வீட்டிலேயே மாவு தயாரிக்கும் முறை

நியாயவிலைக் கடையிலோ மளிகைக் கடையிலோ வாங்கும் கோதுமையைக் கல், தூசி நீக்கிக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, அருகிலுள்ள மாவு மில்லில் அரைத்துக்கொள்ளலாம்.

- கோதுமை 3 கிலோ, தோல் நீக்காத கொண்டைக்கடலை 1 கிலோ, சோளம் அல்லது கம்பு 1 கிலோ என்ற அளவில் கலக்கலாம். இம்மாவின் 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதமும் 14 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும்.
- அரைத்த மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடக் கூடாது. மென்மைக்காக நுண்ணிய சல்லடையில் சலிக்கும்போது, நாம் எதற்காக முழுத்தானியத்தை வாங்கினோமோ அந்தச் சத்தே வெளியேறிவிடுகிறது.
- சிறுதானியங்களில் பசைப்புரதம் இல்லாததால் மாவு எளிதில் விரிசல் விடும். வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் சப்பாத்தி மிருதுவாக வரும். தேய்க்கக் கடினமாக இருந்தால் அடுத்த முறை கோதுமையின் பங்கைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.
- கம்பில் கொழுப்புச்சத்து மிகுதி என்பதால் கம்பு கலந்த மாவு விரைவில் காறல் வாடை அடையும். இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது.

கடையில் வாங்கும்போது

மாவின் பழுப்பு நிறமும், உறையின் முகப்பிலுள்ள “பல தானிய மாவு” என்ற பெயரும் மட்டும் போதிய சான்றாகா. உறையின் பின்புறத்திலுள்ள மூலப்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். எடையில் மிகுதியானது முதலில் வரும் வகையில் அப்பட்டியல் அமைந்திருக்கும். முழுக்கோதுமை முதலிலும், பிற தானியங்கள் மிகச் சிறிய விழுக்காட்டிலும் இருந்தால், அதற்குக் கூடுதல் விலை தருவதில் பெரும் பயனில்லை. மைதா இடம்பெற்றுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் வேறு என்ன இருக்க வேண்டும்?

உருளைக்கிழங்குக் குருமாவுடன் உண்ணும்போது மாவுச்சத்துடன் மேலும் மாவுச்சத்தே சேர்கிறது. அதற்குப் பதிலாக, தட்டின் பாதியைக் கீரை, பீன்ஸ், கோஸ், வெண்டைக்காய், சுரைக்காய் போன்ற காய்களால் நிரப்ப வேண்டும். ஒரு கிண்ணம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானோர்க்கு இவற்றுடன் இரண்டு அல்லது மூன்று நடுத்தரச் சப்பாத்திகள் போதுமானவை. தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சை, தக்காளி போன்றவை உதவும். உணவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

கோதுமையை முற்றிலும் தவிர்க்க வேண்டுமா?
செலியாக் நோய் அல்லது கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டுமே தவிர்க்க வேண்டும். செலியாக் நோய் உள்ளவர்கள் பொது மில்லில் சிறுதானியம் அரைப்பதும் பாதுகாப்பானதன்று. இயந்திரத்தில் எஞ்சியுள்ள கோதுமை மாவு அதில் கலந்துவிடும்.

மைதா பரோட்டாவை எப்போதாவது உண்ணலாமா?
எப்போதாவது உண்பது வேறு, அன்றாட உணவாக்குவது வேறு. நார்ச்சத்தின்மையோடு எண்ணெயும் மிகுந்திருப்பதால் அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

மாவை மாற்றினால் மாத்திரையை நிறுத்தலாமா?
கூடாது. எந்த மாவும் மருந்துக்கு மாற்று அன்று.

யார் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும்?

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் உணவின் அளவைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை நிலை ஏற்படக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகளாகும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு முழுத்தானியம், பயறு ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் குறித்துத் தனிக் கட்டுப்பாடு தேவைப்படலாம். இவ்விரு பிரிவினரும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெற்ற பின்னரே உணவு முறையை மாற்ற வேண்டும். பொதுவான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நினைவில் கொள்க: சலிக்காத முழுத்தானிய மாவு, அதனுடன் சிறிது பயறு, எண்ணிக்கையில் கட்டுப்பாடு, தட்டில் பாதி காய்கறி. இந்நான்கும் சேர்ந்தால்தான் சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறியதன் பலன் அடுத்த இரத்தப் பரிசோதனையில் தெரியும்.