தோசை மாதிரி முகம்!

உங்கள் வீட்டு ஷோகேஸின் கீழ்த் தட்டைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று? பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கும்போது திறந்திருப்பீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் எரியாத டார்ச் விளக்குக்கும் நடுவில் ஓர் அடுக்கு சி.டி.யும் டி.வி.டி.யும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அதை என்ன செய்வது என்பதுதான் பிரச்னை.

திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டில் இது மாமியார் மருமகள் விவாதமாகவே ஆகிவிட்டது.

"அத்தை, இதையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்டே போட்டுடலாமா? இடத்தை அடைக்குது."

"போடும்மா. ஆனா உங்க மாமா ஆசையா வாங்கின 'கர்ணன்' அதிலே இருக்கு. அதை மட்டும் எடுத்து வச்சிடு."

"அதான் போனிலேயே வருதே! வேணும்னா டவுன்லோடு பண்ணித் தர்றேன், அத்தை."

"வருதும்மா, நானும் பார்த்தேன். அதிலே எல்லார் முகமும் ஏன் தோசை மாதிரி அகலமா இருக்கு?"

மருமகள் பட்டம் பெற்றவர். ஆனாலும் பதில் சொல்லத் தெரியவில்லை. சாமானியக் கேள்வியா அது?

இந்த விவாதத்தைத் தொடங்கத் திருச்சிக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு என்பேன். 1905-ஆம் வருஷம் தென்னிந்திய ரயில்வேயின் திருச்சி ஆபீஸில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சினிமாக் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தவர், உடம்பு சரியில்லாமல் போய், சொந்த ஊர் திரும்பினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய இயந்திரத்தையும் படச் சுருள்களையும் சுமார் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பிற்பாடு 1914-ல் கோயமுத்தூரில் 'வெரைட்டி ஹால்' கட்டியவரும் அவர்தான்.

வின்சென்ட் படத்தை வாடகைக்கு எடுக்கவில்லை, விலைக்கு வாங்கினார். அந்நாளில் படச் சுருளை ஜவுளி மாதிரி, அடிக்கு இவ்வளவு என்று அளந்து விற்றார்கள். 1907-ல் பிரான்ஸின் பாத்தே கம்பெனி, "இனி விற்பதில்லை, வாடகைக்குத்தான்" என்று முறையை மாற்றிற்று. படம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து, இப்போது பாலக்கரை ஷோகேஸுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அது இருக்கட்டும், முதலில் தோசை முகத்தைக் கவனிப்போம்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அகலம் 4 என்றால் உயரம் 3 என்ற கணக்கில், சதுரத்துக்குக் கிட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973-ல்தான். இன்றைய டெலிவிஷனோ 16-க்கு 9. பழைய படத்தை இந்தத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால், மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுவார்கள். பத்மினியானாலும் சரி, சரோஜா தேவியானாலும் சரி, தப்ப முடியாது! இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்புகிறவர்களும் உண்டு. அப்போது உயரத்தில் கால் பங்கு போய்விடும். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடுகிறார்களே, அந்த நடனத்தில் பாதங்களை வெட்டிவிட்டால் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

இதற்கு மருந்து உங்கள் ரிமோட்டிலேயே இருக்கிறது. படத்தின் அளவு என்ற இடத்துக்குப் போய் '4:3' என்று வைத்துவிட்டால் முகங்கள் பழையபடி ஆகிவிடும். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். டெலிவிஷன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வெட்டப்பட்ட படத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. வெட்டாத பிரதியைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது தெளிவு. கோலம் போடுகிற உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். திரையில் தெரிகிற படமும் புள்ளி வைத்த கோலந்தான். வி.சி.டி.யில் ஒரு படத்துக்குச் சுமார் 1 லட்சம் புள்ளி. டி.வி.டி.யில் 4 லட்சம். 2006-ல் வந்த புளூரே தட்டில் 20 லட்சத்துக்கு மேல். இப்போது '4கே' என்கிறார்களே, அதில் சுமார் 83 லட்சம்.

புள்ளி அதிகமானால் படம் தெளிவாகிவிடும் என்று நினைத்தால், அங்கேதான் ஏமாறுகிறோம். டம்ளர் எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, பால் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதல்லவா முக்கியம்? படத்துக்குப் பால் என்பது, ஒவ்வொரு விநாடியும் வந்து சேருகிற தகவல். வி.சி.டி.யில் விநாடிக்குச் சுமார் ஒரு மெகாபிட். டி.வி.டி.யில் ஒன்பது வரை போகலாம். புளூரேயில் நாற்பது வரை. இணையத்தில் முழு ஹெச்.டி. படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற வேகம் விநாடிக்கு 5 மெகாபிட். 4கே படத்துக்கு 15.

மருமகள் இறக்கிய படம் 700 மெகாபைட். பெயரில் '1080' என்று பெருமையாகப் போட்டிருந்தது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அதை வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு முக்கால் மெகாபிட்கூடத் தேறவில்லை. வி.சி.டி.யில் இருக்கும் பாலைவிடக் குறைவு. டம்ளர் மட்டும் இருபது மடங்கு பெரிது! இந்தக் காலத்துச் சுருக்கும் முறைகள் முன்னைவிடக் கெட்டிக்காரத்தனமானவை என்பது உண்மைதான். ஆனாலும் தண்ணீரைக் காப்பியாக்கும் வித்தை இன்னும் வரவில்லை. மழை, புகை, இருட்டு, ஜிகினாப் புடவை நடனம் இவை வரும்போது படம் சதுரம் சதுரமாக உடைகிறதே, பால் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். போனின் சின்னத் திரையில் இது தெரியாது. கூடத்து டெலிவிஷனில் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்படியானால் மாமாவின் தட்டுதான் சிறந்ததா? அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1964-ல் வந்த 'கர்ண'னை டிஜிட்டலில் புதுப்பித்து 2012 மார்ச்சில் திரும்பத் திரையிட்டபோது, அது நூறு நாளைத் தாண்டி ஓடியது. பாலக்கரையை அடுத்த சங்கிலியாண்டபுரத்தில் சிறு வயதைக் கழித்தவர் சிவாஜி கணேசன். (பிரபாத் ரவுண்டானாவில் அவருடைய சிலை வருஷக்கணக்கில் துணி மூடியே நின்று, கடைசியில் 2025-ல் புத்தூரில் திறக்கப்பட்டதை உள்ளூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) அவருடைய படத்துக்கே இந்தச் சிகிச்சை தேவைப்பட்டது. தேய்ந்த பிரதியிலிருந்து போட்ட தட்டில் கோடும் வெளிறிய நிறமும் இருந்தால் தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்காவது ஒரு பிரதி இருந்தது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதா'ஸுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை.

இனி, சொந்தம் என்ற விஷயத்துக்கு வருவோம்.

அமேசான் பிரைமில் ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தால், 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நடுவில் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அது உங்கள் பாடு! சந்தா கட்டிப் பார்க்கும் படமோ, கம்பெனிக்கு இருக்கும் உரிமை முடிந்ததும் சொல்லாமல் மறைந்துவிடும். டவுன்லோடு செய்து வைத்திருந்தாலும் அதற்கும் கெடு உண்டு. 'விலைக்கு வாங்கு' என்று பொத்தான் இருக்கிறதே என்கிறீர்களா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல் அமல் செய்தது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதிதான், பொருள் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக் கூடாதாம். நம் ஊரில் பாத்திரக் கடைக்காரர் இப்படிக் குடத்தை விற்றால் விடுவோமா?

தட்டு வியாபாரமும் நிலைத்து நிற்கவில்லை. மோசர் பேர் கம்பெனி 2007 வாக்கில் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று போட்டு நியாயமான தட்டை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டு வந்தது. 2018-ல் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவாயிற்று. டைரக்டர் சேரன் 2015-ல் 'சினிமா டு ஹோம்' என்று ஆரம்பித்துத் தம் புதுப் படத்தைத் தட்டாகவே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். நல்ல யோசனை, நிலைக்கவில்லை. தபாலில் தட்டு வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டது. இன்று புதுத் தமிழ்ப் படம் தட்டில் கிடைப்பது அபூர்வம்.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்கள் குண்டர் சட்டத்தில் அடக்கம். 2023-ல் திருத்திய மத்தியச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில். அபராதம் 3 லட்சத்திலிருந்து ஆரம்பம். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது முன் வரிசைக்காரர் எழுந்து போகிற நிழலோடு ஒரு படம்!

ஆகையால் என் அபிப்பிராயம் இது: ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திங்கட்கிழமை மறக்கிற படத்துக்கு வாடகையோ சந்தாவோ போதும், அதற்காகத் தட்டு வாங்கி இடத்தை அடைக்க வேண்டாம். பேரன் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிற பத்துப் படம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அவற்றின் நியாயமான தட்டு கையில் இருந்தால் விடாதீர்கள்.

பாலக்கரை ஷோகேஸிலும் அப்படித்தான், பத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த அடுக்கின் அடியில் வேறொரு தட்டு அகப்பட்டது. மருமகளுடைய கல்யாண வீடியோ. அதில் மாப்பிள்ளையின் பாட்டி ஆரத்தி எடுத்து, பாடவும் பாடியிருக்கிறார். பாட்டி இப்போது இல்லை.

கர்ணனை நாளைக்கு வேறு யாராவது வைத்திருப்பார்கள். இதை யார் வைத்திருப்பார்கள்? அதிலும், கல்யாண வீடியோக்காரர் பதிந்து கொடுக்கும் தட்டு, கடையில் விற்கும் சினிமாத் தட்டைப் போல் அச்சில் அழுத்தியது அல்ல. அநேகமாக ஒரு சாயப் பூச்சின்மேல் லேசர் ஒளியால் எழுதியது. வெயிலும் புழுக்கமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், தட்டைப் படிக்கும் டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் அகப்படும்போதே பிரதி எடுத்துவிடுங்கள். கடையில் கொடுத்தால், "சுருக்க வேண்டாம், தட்டில் உள்ளதை உள்ளபடியே ஹார்ட் டிஸ்கில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். சுருக்கினால் பாலில் தண்ணீர் கலந்த கதைதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நாத்தனார் வீட்டிலோ அம்மா வீட்டிலோ வையுங்கள். பிரதி முழுக்க ஓடுகிறதா என்று கடைசிவரை பார்த்துவிடுங்கள். பழைய தட்டையும் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பழைய பேப்பர்காரர் அடுத்த மாதமும் வருவார்.