வெள்ளிக்கு முன் பிறந்த கோடு

வெள்ளி உலையில் உருகுவதற்கு முன்னரே, அது எய்தப்போகும் ரூபம் காகிதத்தில் ஜனித்துவிடுகிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பொற்கொல்லர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்று, பின்னர் ஓவியராகப் பெரும் கீர்த்தி எய்திய ஆல்பிரெக்ட் டியூரர், பானக் கிண்ணங்களுக்கான அலங்கார மாதிரிச் சித்திரங்களையும் பேனாவால் தீட்டிவைத்தார்.

அதே நகரில் வாழ்ந்த வென்செல் யாம்னிட்சர், மெய்யான புல் பூண்டுகளையும் சிறு பிராணிகளையும் சாந்தில் பொதிந்து, சுட்டு நீறாக்கி, அவை விட்டுச்சென்ற வெற்றிடத்தில் வெள்ளியை வார்க்கும் அற்புத வித்தையில் வல்லவர். பூமித்தாய் தலைமேல் பாத்திரம் ஏந்தி நிற்க, அவளடியில் அத்தகைய வெள்ளிச் செடிகள் செழித்திருக்கும், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அவருடைய விருந்து மேசை அலங்காரம், 1549-ல் உருவாகி, இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திகழ்கிறது.

ஆயினும், யுத்தத்தின் செலவுக்கும் கடனின் நெருக்கடிக்கும் இரையாகி, எத்தனையோ வெள்ளிப் பாத்திரங்கள் மீண்டும் உருக்கப்பட்டு நாணயங்களாகிவிட்டன. உலோகம் அழிந்த இடத்தில், மெல்லிய காகிதமே அந்தச் சிற்பிகளின் கற்பனைக்குச் சாசனமாக நிலைத்திருப்பது, சிந்திக்கச் சிந்திக்க நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.